மிளகாய்ச் செடிக்குப் பக்கத்தில் எதை, எங்கே, எப்போது வைப்பது: துணைப்பயிரில் நடக்கும் தவறுகள்

மிளகாய்க்கு நல்ல துணை இவை, ஆகாத துணை இவை என்று இரண்டாகப் பிரித்த பட்டியல்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. அவற்றைப் பார்த்து நட்ட பிறகும் செடி குட்டையாகவே நிற்கிறது, பூ கொட்டுகிறது, இலை சுருள்கிறது. பட்டியலில் இருக்கும் பெயர்கள் பெரும்பாலும் சரிதான். அதில் இல்லாதவை இரண்டு: மிளகாயிலிருந்து எவ்வளவு தள்ளி நட வேண்டும், எந்த வாரம் எடுத்துவிட வேண்டும். 35 நாளில் அறுத்தால் கொத்தமல்லி துணைப்பயிர். அதையே 80 நாள் விட்டு, பாத்தி முழுக்கப் பூத்துச் சாய்ந்து கிடந்தால் அது களை.

கீழே வருவது பச்சை மிளகாய், குண்டு மிளகாய், குடைமிளகாய் மூன்றுக்கும் பொருந்தும்.

1. போன முறை அந்த மண்ணில் என்ன இருந்தது?

துணைப்பயிர் என்றால் பக்கத்தில் என்ன வைக்கலாம் என்றுதான் எல்லோரும் யோசிப்பார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, இதே இடத்தில் இதற்கு முன் என்ன நின்றது என்பது. தக்காளி, கத்தரி, உருளைக்கிழங்கு, மணத்தக்காளி, மிளகாய் எல்லாம் ஒரே குடும்பம். பாக்டீரியா வாடல் நோயும் வேர்முடிச்சு நூற்புழுவும் செடியைப் பிடுங்கிய பிறகும் மண்ணிலேயே தங்கிவிடும். அந்த மண்ணில் எவ்வளவு நல்ல துணைச்செடி வைத்தாலும் மிளகாய் தப்பாது. இந்தக் குடும்பத்துப் பயிர் எடுத்த இடத்தில் மூன்று ஆண்டுக்கு மறுபடி இதே குடும்பத்தை நடாமல் இருப்பது நல்லது. வெண்டை வேறு குடும்பம்தான், ஆனால் வேர்முடிச்சு நூற்புழுவுக்கு அதுவும் பிடித்த இடம்.

பழைய செடியைப் பிடுங்கும்போது வேரைக் கழுவிப் பாருங்கள். வேரே அங்கங்கே தடித்து, மணி கோத்ததுபோல் முடிச்சு விழுந்திருந்தால் நூற்புழு. பயறு வகைச் செடிகளின் வேரிலும் முடிச்சு இருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும், விரலால் தேய்த்தால் உதிரும், நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நூற்புழு முடிச்சு உதிராது, ஏனென்றால் வீங்கியிருப்பது வேரேதான்.

வாடல் நோயா என்று அறிய ஒரு சுலபமான சோதனை உண்டு. இலை மஞ்சளாகாமல், பச்சையாகவே திடீரென்று தொங்கிப்போன செடியை அடியில் வெட்டி, 5 செ.மீ. தண்டுத் துண்டைக் கண்ணாடி டம்ளரில் தெளிந்த நீரில் நுனி மட்டும் நனைய, ஆடாமல் தொங்கவிடுங்கள். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால் நூல்போல் வெள்ளையாக இறங்கினால் பாக்டீரியா வாடல். அந்தச் செடியை வேர் மண்ணோடு அள்ளி அப்புறப்படுத்துங்கள், உரக்குழியில் போடாதீர்கள். அந்த இடத்தை இந்தக் குடும்பத்துக்கே மறந்துவிடலாம். மிளகாயை வேறு மண் நிரப்பிய பைக்கு மாற்றுவதுதான் வழி.

2. சொந்தக்காரர்களைத் தள்ளி வையுங்கள்

தக்காளியும் மிளகாயும் ஒரே நேரத்தில் நாற்று கிடைக்கும், ஒரே மாதிரி உரம் கேட்கும். அதனால் புதியவர்கள் இரண்டையும் மாற்றி மாற்றி ஒரே வரிசையில் நட்டுவிடுகிறார்கள். தக்காளி முதல் மாதத்திலேயே மிளகாயைத் தாண்டிப் போய் நிழல் கட்டும். வெள்ளை ஈ, அசுவினி, நூற்புழு, வாடல் நோய் எல்லாம் இரண்டுக்கும் பொது. ஒன்றில் ஏறினால் அடுத்ததுக்குப் பறக்கக்கூட வேண்டாம், இலையோடு இலை உரசுகிறதே.

இடம் ஒன்றுதான் இருக்கிறது என்றால் நடுவில் குறைந்தது 1.5 மீட்டர் விட்டு, அந்த இடைவெளியில் வெங்காயமோ கீரையோ போடுங்கள். கவாத்து செய்வது, கட்டுவது, பறிப்பது எல்லாம் முதலில் மிளகாயில் முடித்துவிட்டுத் தக்காளிக்குப் போங்கள். புகையிலைத் தேமல் வைரஸ் கை வழியாகவும் கத்தரிக்கோல் வழியாகவும் தொற்றும். புகையிலை தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் செடியைத் தொடக் கூடாது.

யாரும் நடாமலே முளைக்கும் ஒரு சொந்தம் மணத்தக்காளி. பறவை எச்சத்தில் விதை விழுந்து மிளகாய்த் தூரிலேயே வந்துவிடும். கீரைக்கு ஆகுமே என்று விட்டுவைப்பார்கள். மிளகாயைத் தாக்கும் பூச்சிகளும் வைரஸ்களும் அதில் தங்கும் என்பதால், வேண்டுமென்றால் தனித் தொட்டிக்கு மாற்றுங்கள், மிளகாய்ப் பாத்தியில் வேண்டாம்.

பூசணி, வெள்ளரி, சுரை வேறு குடும்பம், ஆனாலும் பக்கத்தில் ஆகாது. கொடி ஒரே வாரத்தில் மிளகாய் மேல் ஏறும் என்பது கண்ணுக்குத் தெரிகிற காரணம். தெரியாத காரணங்கள் இரண்டு. வெள்ளரித் தேமல் வைரஸ் அசுவினி மூலம் மிளகாய்க்கும் வரும். மிளகாயின் தண்டடியைக் கறுக்க வைத்துச் சாய்க்கும் ஃபைட்டோப்தோரா என்ற நோய்க்கிருமி பூசணி வகைகளையும் பிடிக்கும். மண்ணில் தண்ணீர் தேங்கினால் அது நீரோடே பரவும். கொடிக்கு 3 மீட்டர் தள்ளி வேறு வாய்க்காலில் இடம் கொடுங்கள்.

இன்னொன்று பெரும்பாலும் யார் கண்ணிலும் படுவதில்லை: ரோஜாத் தொட்டி. மிளகாய் இலையைச் சுருட்டும் இலைப்பேன்களில் முக்கியமான ஸ்கிர்டோதிரிப்ஸ் டார்சாலிஸ் ரோஜாத் துளிரிலும் நிலக்கடலையிலும் நன்றாகப் பெருகும். மாடியில் ரோஜாவையும் மிளகாயையும் ஒட்டி வைத்துவிட்டு, மிளகாய்க்கு மட்டும் மருந்தடித்துக்கொண்டிருந்தால் சுருட்டல் போகாது.

3. நாடா வைத்து அளந்து நடுங்கள்

எடுத்துக்காட்டாக 1.2 மீட்டர் அகலம், 3 மீட்டர் நீளம் உள்ள ஒரு பாத்தி.

இரண்டு ஓரத்திலிருந்தும் 30 செ.மீ. உள்ளே ஒவ்வொரு வரிசை. வரிசைக்கு வரிசை 60 செ.மீ., செடிக்குச் செடி 45 செ.மீ. வரிசைக்கு 6 வீதம் 12 மிளகாய் பிடிக்கும். நாற்று 35 முதல் 45 நாள் வயதில், ஒரு சாண் உயரத்துக்குள், நாலைந்து நல்ல இலையோடு இருக்க வேண்டும்.

நடுவில் இருக்கும் 60 செ.மீ. பட்டைதான் துணைப்பயிருக்கு. அதன் மையத்தில் ஒரே ஒரு கோடு கொத்தமல்லியோ வெந்தயமோ விதைக்கலாம். இரண்டு பக்கத்து மிளகாய்க்கும் 30 செ.மீ. தூரம் கிடைக்கும். இடம் காலியாகத் தெரிகிறதே என்று இன்னும் இரண்டு கோடு போடத் தோன்றும். போடாதீர்கள். நட்ட முதல் 40 நாள் மிளகாய் மெதுவாகத்தான் வளரும், அதற்குப் பிறகு கிளை விரித்து அந்த இடத்தை முழுக்க எடுத்துக்கொள்ளும். துணைப்பயிருக்கு அந்த 40 நாள் மட்டும் வாடகைக்கு விட்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஓரத்தில், விளிம்பிலிருந்து 10 செ.மீ. உள்ளே, 10 செ.மீ.க்கு ஒன்றாகச் சின்ன வெங்காயம் ஊன்றலாம். மிளகாய்த் தண்டுக்கு 20 செ.மீ. தள்ளி இருக்கும். வெங்காய வேர் மேலாகவே ஓடுவதால் அதிகம் மோதாது.

எடுக்கும் விதத்திலும் தவறு நடக்கிறது. மிளகாயின் உணவு வேர்கள் பெரும்பாலும் மேல் 30 செ.மீ. மண்ணிலேயே பக்கவாட்டில் பரவியிருக்கும். முளைக்கீரையை 25ஆம் நாள் கொத்தோடு இழுத்துப் பிடுங்கினால் மிளகாயின் வெள்ளை வேரும் சேர்ந்து அறுந்து வரும். அடுத்த இரண்டு நாள் செடி மதியத்தில் தொங்கும், இருக்கிற மொட்டு உதிரும். கீரையைத் தரையோடு கத்தியால் அறுங்கள். முள்ளங்கி போட ஆசையிருந்தால் பாத்தியின் கோடியில் போடுங்கள்.

4. வெயில் எந்தப் பக்கம் மறைகிறது?

மிளகாய்க்கு நாளுக்கு 6 முதல் 8 மணி நேரம் நேர் வெயில் வேண்டும். உயரமான துணைப்பயிர் கிழக்கே நின்றால் காலை வெயில் போய்விடும், பனி காய நேரமாகும், இலைப்புள்ளி நோய்களுக்கு அது வசதி. மேற்கே நின்றால் பிற்பகல் சூடு மட்டும் குறையும். பகல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாட்களில் பூ கொட்டுவது மிளகாயின் வழக்கம், அப்போது மேற்கு நிழல் உதவியாகவே இருக்கும். குடைமிளகாயில் வெயில் படும் பக்கம் வெளுத்துக் காகிதம்போல் காய்ந்த தழும்பு விழுவதும் குறையும். எனவே சோளம், மக்காச்சோளம் போன்றவற்றை மேற்கே 75 செ.மீ.க்குக் குறையாமல் தள்ளி வையுங்கள். சூரியகாந்தி நிழலும் கட்டும், அதன் மட்கும் கழிவு பக்கத்து இளஞ்செடிகளை அடக்கவும் செய்யும். அதை மிளகாயோடு சேர்க்காமல் இருப்பதே மேல்.

5. தண்ணீர்க் கணக்கு ஒத்துப்போகிறதா?

இந்த ஒன்றில்தான் நல்ல துணையும் கெடுகிறது. மிளகாய்க்கு மண் ஈரமாக இருக்க வேண்டும், சேறாக இருக்கக் கூடாது. விரலை 5 செ.மீ. விட்டுப் பார்த்து உலர்ந்திருந்தால் தண்ணீர். ஒன்றிரண்டு நாள் நீர் தேங்கினாலே பூ உதிரும், வேர் அழுகத் தொடங்கும்.

வெங்காயத்தை முற்றவிட்டு எடுப்பதாக இருந்தால் அறுவடைக்கு 7 முதல் 10 நாள் முன்பே தண்ணீரை நிறுத்த வேண்டும். அதே நாட்களில்தான் மிளகாய் பூத்துக் காய் பிடித்துக்கொண்டிருக்கும். தண்ணீரை நிறுத்தினால் மிளகாய் போச்சு, விட்டால் வெங்காயம் அழுகும். தீர்வு எளிது: மிளகாய்ப் பாத்தியில் போடும் வெங்காயத்தை 45 நாளில் தாளோடு எடுத்துவிடுங்கள். காயவைத்துச் சேமிக்கும் வெங்காயத்துக்கு வேறு பாத்தி.

புதினாவும் வல்லாரையும் எப்போதும் ஈரம் கேட்பவை. புதினா ஓடுதண்டு விட்டு ஒரு பருவத்தில் பாத்தி முழுவதையும் பிடித்துவிடும், பிடுங்கினாலும் ஒரு கணு மிச்சமிருந்தால் திரும்ப வரும். அது தொட்டியில்தான் இருக்க வேண்டும். ரோஸ்மேரி, தைம் போன்றவை நேர் எதிர், வறண்ட மண் விரும்பிகள். மிளகாய்க்கு விடும் தண்ணீரில் அவை வேரழுகிச் சாகும்.

உரமும் இப்படித்தான். கீரைக்குத் தழை வேண்டும் என்று வாரந்தோறும் தழைச்சத்து ஊற்றினால் மிளகாயும் சேர்ந்து குடிக்கும். கரும்பச்சையாக, இடுப்பளவு வளர்ந்து, பார்க்க ஜோராக இருக்கும், காய் மட்டும் இருக்காது. முட்டைக்கோஸ், காலிஃபிளவரைச் சேர்க்க வேண்டாம் என்பதற்கும் காரணம் இதுதான்: அகன்ற இலை, பெரும் பசி, குளிர் விரும்பும் குணம்.

6. செண்டுமல்லியிடம் எதை எதிர்பார்க்கலாம்?

நான்கு மூலையிலும் நான்கு செண்டுமல்லி வைத்தால் நூற்புழு ஓடிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. செண்டுமல்லி வேரில் ஆல்ஃபா-டெர்தியினைல் என்ற வேதிப்பொருள் இருப்பதும், அது நூற்புழுவைக் கொல்வதும் உண்மை. ஆனால் அது வேர் ஓடும் இடத்தில்தான் வேலை செய்யும். மூலையில் நிற்கும் செடியின் வேர் உங்கள் ஏழாவது மிளகாய் வரை வராது.

உண்மையிலேயே நூற்புழுவைக் குறைக்க வேண்டுமென்றால் மிளகாய்க்கு முன்பாகவே பாத்தி முழுவதும் குட்டை ரகச் செண்டுமல்லியை 15 முதல் 20 செ.மீ. இடைவெளியில் நெருக்கி நட்டு, குறைந்தது இரண்டு மாதம் வளரவிட்டு, நறுக்கி மண்ணில் மடக்கி, இரண்டு வாரம் கழித்து மிளகாய் நடுங்கள். இடையில் வேறு களை இருக்கக் கூடாது, களையின் வேரில் நூற்புழு பிழைத்துக்கொள்ளும்.

பக்கத்தில் அழகுக்கும் தேனீக்கும் வைப்பதில் தவறில்லை. 40 செ.மீ. தள்ளி, குட்டை ரகம். கோடையில் மட்டும் கவனம்: செம்பேன் முதலில் ஏறுவது பெரும்பாலும் செண்டுமல்லியில்தான். இலையில் ஊசி குத்தியதுபோல் வெளிறிய புள்ளிகளும் பூவடியில் மெல்லிய நூலாம்படையும் தெரிந்தால் அந்தச் செடியை அன்றே வெட்டி மூடிய பையில் போடுங்கள்.

7. பொறிப்பயிர் வைத்தால் பொறியைப் பார்க்க வேண்டும்

பூச்சியைத் தன் பக்கம் இழுக்க வைக்கும் செடி பொறிப்பயிர். எலிப்பொறி வைத்துவிட்டு எலியை எடுக்காமல் விட்டால் என்ன ஆகுமோ அதுதான் இங்கும் ஆகிறது. இலையைத் தின்னும் புரோடீனியா புழுவுக்காக ஓரத்தில் ஆமணக்கு வைப்பார்கள். அந்துப்பூச்சி வந்து இலையின் அடியில் குவியலாக முட்டையிட்டுப் பழுப்பு ரோமத்தால் மூடிவிட்டுப் போகும். முட்டை மூன்று முதல் ஐந்து நாளில் பொரியும். பொரித்த குட்டிப் புழுக்கள் முதலில் ஒரே இலையில் கூட்டமாக இருந்து பச்சையத்தைச் சுரண்டும், இலை சல்லடைபோல் தெரியும். அந்தக் கட்டத்தில் ஒரு இலையைக் கிள்ளிச் சோப்பு நீரில் போட்டால் நூற்றுக்கணக்கில் முடிந்தது. ஒரு வாரம் விட்டால் அவை கலைந்து மிளகாய்க்குள் இறங்கிவிடும், அப்போது ஆமணக்கு இருப்பதைவிட இல்லாமல் இருப்பதே நல்லது. மூன்று நாளுக்கு ஒரு முறை இலையைத் திருப்பிப் பார்க்க முடியாதவர்கள் வைக்க வேண்டாம். ஆமணக்கு விதை கடும் விஷம், குழந்தைகள் இருக்கும் இடத்தில் பூக்குலையை வரும்போதே வெட்டிவிடுங்கள்.

மக்காச்சோளம் தடுப்புப் பயிர். பாத்தியைச் சுற்றி இரண்டு வரிசை நெருக்கமாக விதைத்தால் காற்றில் மிதந்து வரும் அசுவினியும் இலைப்பேனும் கணிசமாகத் தடுக்கப்படும். மேற்கே வழக்கமான உயரத்துக்கு விடலாம், கிழக்கே ஒரே வரிசை போதும், அதையும் 1 மீட்டருக்கு மேல் தள்ளி வையுங்கள். மிளகாய் நடும் அன்றே மக்காச்சோளத்தையும் விதைப்பதுதான் இங்கு நடக்கும் தவறு. வைரஸ் தொற்றினால் மீளாத வயது நாற்றின் முதல் மாதம், அந்த மாதத்தில் வேலி முழங்கால் உயரம்கூட இருக்காது. நடவுக்கு மூன்று வாரம் முன்பே விதைத்துவிடுங்கள். கதிரில் பட்டுநூல் வரும் சமயம் காய்ப்புழு அந்துப்பூச்சி தேடி வரும். அந்த வாரங்களில் மிளகாய்க் காயில் வட்டத் துளை இருக்கிறதா என்று பாருங்கள்.

கொத்தமல்லி வேறு வகை உதவி. நடுக்கோட்டில் 35 நாளில் அறுக்கும்போது பாத்தியின் இரு கோடியில் மட்டும் மூன்று நான்கு செடிகளைப் பூக்க விடுங்கள். அந்தச் சிறு வெள்ளைப் பூக்களுக்கு ஒட்டுண்ணிக் குளவி, சிர்பிட் ஈ, கண்ணாடி இறக்கைப் பூச்சி வரும். அவற்றின் புழுக்கள் அசுவினியைத் தின்னும். வந்த விருந்தாளிகளை நாமே கொல்வதும் நடக்கிறது: மிளகாய்க்குத் தெளிக்கும்போது கொத்தமல்லிப் பூவிலும் அடித்துவிடுவது. வேப்பெண்ணெய்க் கரைசல் (லிட்டருக்கு 5 மி.லி., கூடவே சிறிது சோப்பு) என்றாலும் மாலையில், மிளகாய் இலையின் அடிப்புறத்தில் மட்டும் தெளியுங்கள். ரசாயன மருந்து என்றால் ஊடே நிற்கும் கீரையைச் சாப்பிடக் கூடாது. மருந்தடித்த பின் பறிக்கக் காத்திருக்க வேண்டும் என்று புட்டியில் போட்டிருக்கும் நாட்கள் மிளகாய்க்கானவை, கீரைக்கானவை அல்ல.

பூண்டு, துளசி, வெங்காய வாசனை பூச்சியைக் கொஞ்சம் குழப்பலாம். அதை வேலியாக நம்பி இலையைத் திருப்பிப் பார்ப்பதை நிறுத்திவிடாதீர்கள்.

8. பயறு உடனே உரம் தராது

பயறு வகை காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடிக்கும், அதனால் பக்கத்து மிளகாய்க்கு உரம் வேண்டாம் என்று விட்டுவிடுகிறார்கள். உயிரோடு இருக்கும்போது பயறு பிடித்ததில் பெரும்பகுதியைத் தானே வைத்துக்கொள்ளும். வேரும் தழையும் மட்கிய பிறகே மண்ணுக்கு வரும். ஆகவே மிளகாய்க்கு வழக்கமான தொழுவுரத்தைக் குறைக்காதீர்கள். பயறைப் பிடுங்காமல் தரையோடு வெட்டி, தழையை அங்கேயே மூடாக்காகப் போடுங்கள். குத்து ரகமாகப் பார்த்து 30 செ.மீ. தள்ளி விதைக்க வேண்டும். கொடி ரகம் மிளகாயைக் கம்பமாக்கிக்கொள்ளும். தட்டைப்பயறில் அசுவினி நிறைய வரும், அதைத் தேடிப் பொறிவண்டும் வரும். நாற்று இளசாக இருக்கும் முதல் ஆறு வாரம் அது ஒன்றரை மீட்டருக்கு அப்பாலேயே இருக்கட்டும்.

9. காரம் பக்கத்துச் செடிக்கு ஏறுமா?

ஏறாது. கார மிளகாய்க்குப் பக்கத்தில் நிற்கும் குடைமிளகாயின் காய் இந்தப் பருவத்தில் காரமாகாது. காய் முழுக்கத் தாய்ச் செடியின் சதை. காரம் உற்பத்தியாவது விதை ஒட்டியிருக்கும் வெண்ணிற நரம்பில், அதுவும் தாய்ச் செடியினுடையதே. மகரந்தம் மாறினால் மாறுவது உள்ளே இருக்கும் விதை. அந்த விதையை எடுத்து அடுத்த முறை நட்டால்தான் குடைமிளகாயில் காரம் தலைகாட்டும். விதை எடுக்கப் போகிறீர்கள் என்றால் மட்டும், மொட்டாக இருக்கும்போதே ஒரு கிளைக்கு மெல்லிய துணிப் பை கட்டி, தினமும் லேசாகத் தட்டிவிட்டு, காய் பிடித்ததும் பையை எடுத்துவிட்டு அந்தக் காம்பில் நூல் கட்டி அடையாளம் வையுங்கள்.

10. தொட்டியிலும் பையிலும்

12 அங்குல அகலம், 12 அங்குல உயரப் பை ஏறக்குறைய 20 லிட்டர் மண் பிடிக்கும். அதில் ஒரு மிளகாய், விளிம்பைச் சுற்றி ஒரு பிடி கொத்தமல்லி அல்லது வெந்தயம். அவ்வளவுதான். மூன்று மிளகாய், நடுவில் ஒரு தக்காளி, ஓரத்தில் புதினா என்று நட்டால் காலையில் ஊற்றிய தண்ணீர் மதியத்துக்குள் தீரும். துணைச்செடிகளைத் தனித்தனிச் சிறு தொட்டியில் வைத்துப் பக்கத்தில் நிறுத்துங்கள். பூச்சி வந்த தொட்டியைத் தூக்கி அப்பால் வைக்கலாம், தரையில் அந்த வசதி கிடையாது.

11. வாரம் ஒரு முறை, ஒரு வெள்ளைத் தாளோடு

மிளகாய்த் துளிரின் கீழ் வெள்ளைத் தாளைப் பிடித்து இரண்டு தட்டு தட்டுங்கள். மஞ்சளாக, கீறல்போல் மெலிந்த புள்ளிகள் ஊர்ந்தால் இலைப்பேன். இலை ஓரம் மேல்நோக்கி மடிந்து படகுபோல் ஆவதும் அதனால்தான். தாளில் ஒன்றும் விழவில்லை, ஆனால் துளிர் கீழ்நோக்கிக் கவிழ்ந்து, காம்பு நீண்டிருக்கிறது என்றால் மஞ்சள் முரணைச் சிலந்தி என்ற நுண்ணிய சாறுண்ணி. அது வெறும் கண்ணுக்குத் தெரியாது, 10 மடங்கு லென்ஸ் வேண்டும். வெள்ளை ஈயின் காலைப் பிடித்துக்கொண்டும் அது செடிக்குச் செடி போகும். அதே தாளைத் துணைச்செடிகளின் கீழும் பிடித்துத் தட்டுங்கள். மிளகாயில் பத்து, ரோஜாவில் ஐம்பது விழுந்தால், அகற்ற வேண்டியது எந்தத் தொட்டி என்று தெரிந்துவிடும்.